கத்தோலிக்கப் பள்ளியின் அடையாளத்தைப் பிள்ளைகளே வரையட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுத் தேர்வுகள் முடிந்து, பள்ளிகளுக்கு வண்ணம் பூசும் பருவம் தொடங்கியிருக்கிறது. காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், திருப்பத்தூர் என்று நமது பழைய வட ஆற்காட்டுப் பகுதியிலுள்ள கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றின் தாளாளர்கள் இந்நேரம் பெயின்டர்களிடம் மதிப்பீடு கேட்டுக்கொண்டிருப்பார்கள். அரசு உதவிபெறும் கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த மதிப்பீட்டில் கையெழுத்திடுவதற்கு முன்பு அவர்கள் ஒரு சுவரையாவது பிள்ளைகளுக்கென ஒதுக்கி வைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். நானும் கத்தோலிக்கன்தான், வீட்டுக்குள் பேச வேண்டியதை ஊரறியப் பேசுகிறானே என்று யாரேனும் வருந்தினால் பொறுத்துக்கொள்ளவும். இந்தப் பள்ளிகளில் படிப்பவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லாத வீடுகளிலிருந்து வருபவர்கள் என்பதால், இது ஊர் விவகாரமும்கூட.

இன்று ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்குள் நுழைபவருக்கு அது கத்தோலிக்கப் பள்ளி என்று எதைக்கொண்டு தெரிகிறது? வாயிலருகே ஃபைபரில் வார்த்த, பள்ளியின் பாதுகாவலரான புனிதரின் சுரூபம் (சிலை) இருக்கும். சிமென்டில் குகைபோலக் கட்டிய லூர்து மாதா கெபி இருக்கும். அலுவலகத்துக்கு மேலே கணினியில் வடிவமைத்த ஃபிளெக்ஸில், நம் ஊரில் எங்கும் காணக் கிடைக்காத பொன்னிற முடிக் குழந்தைகள் சூழ இயேசு அமர்ந்திருப்பார். எஞ்சிய சுற்றுச்சுவர் சதுர அடிக் கணக்கில் வரைபவரிடம் போய்விடுகிறது. அவர் ஒரு பக்கம் சோட்டா பீமையும் மறுபக்கம் மரம் வளர்ப்போம் வாசகத்தையும் வரைந்துவிட்டு அடுத்த பள்ளிக்குப் போய்விடுகிறார். கெபியின் முன்னால் நின்று நானும் பலமுறை மன்றாடியிருக்கிறேன், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இவை அனைத்தும் காசு கொடுத்துக் கடையிலிருந்து வந்தவை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை ஏழாண்டுகள் அந்த வளாகத்திலேயே வளரும் ஒரு பிள்ளையின் கை இவற்றில் எதன்மீதும் படவில்லை.

வேலூர் மக்கள் 'மிஷன் ஸ்கூல்' என்ற ஒரே பெயருக்குள் எல்லாக் கிறிஸ்தவப் பள்ளிகளையும் அடக்கிவிடுவார்கள். ஆற்காடு மிஷன் வழிவந்த சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைப் பள்ளிகளும், 1900-இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவப் பணியும் நகரில் ஆழமாக வேரூன்றிய பிறகுதான், கத்தோலிக்கக் கல்விப் பணி இங்கே பெரிய அளவில் விரிந்தது. அதற்கு முன்பே திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டுப் பக்கம் தாரஸ் அடிகளார் போன்ற பிரெஞ்சுக் குருக்கள் கிராமம் கிராமமாக உழைத்திருந்தார்கள் என்பது வேறு கதை. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951-இலும், வேலூர் மறைமாவட்டம் 1952-இலும், காட்பாடி ஆக்சிலியம் கல்லூரி 1954-இலும் தோன்றின. சீர்திருத்த சபையாரின் சிலுவை வெறும் சிலுவையாக இருக்கும். நம் வகுப்பறைச் சிலுவையில் பாடுபட்ட சுரூபம், அதாவது அறையுண்ட இயேசுவின் உருவம், இருக்கும். ஊசியால் குத்தினாலும் வலிக்கும் ஓர் உடலோடுதான் கத்தோலிக்கச் சமயம் தன்னைக் காட்டிக்கொள்கிறது என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். மண், எண்ணெய், தண்ணீர், அப்பம் என்று கையால் தொடக்கூடியவற்றின் வழியாகவே அருளைப் பேசும் சமயத்தின் பள்ளி, தன்னை அறிவிக்க அச்சடித்த பிளாஸ்டிக் தாளை நம்பியிருப்பது எனக்கு ஒருபோதும் பொருத்தமாகப் பட்டதில்லை.

உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில், கத்தோலிக்கப் பள்ளிக்கே உரியது என்று முதலில் சொல்லப்படுவது, விடுதலையும் அன்பும் நிறைந்த நற்செய்தி மனநிலையில் வாழும் ஒரு சமூகச் சூழலைப் பள்ளிக்குள் உருவாக்குவது என்பதாகும். சுரூபத்தின் உயரம் அங்கே பேசப்படவில்லை. கத்தோலிக்கர் அல்லாத மாணவர்களும் பயிலும் பள்ளிகள், குறிப்பாகத் திருச்சபை இளமையாக உள்ள நாடுகளில், திருச்சபைக்கு மிகவும் பிரியமானவை என்றும் அதே ஆவணம் கூறுகிறது. அதற்கு ஈராண்டு முன்னர் வெளிவந்த திருவழிபாடு பற்றிய ஏடோ, எந்த ஒரு கலைப்பாணியையும் திருச்சபை தனக்கே உரியதாக வைத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறது. இவ்வளவு இடம் கொடுத்த பிறகும் நாம் சிவகாசிக் காலண்டர் படத்தைவிட்டு வெளியே வரத் தயங்குகிறோம்.

இதைச் சொல்லும் எனக்கே அந்தத் தயக்கம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2017-ஆம் ஆண்டு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், எங்கள் பள்ளியின் உள்முற்றத்துச் சுவரில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான மாணவ மாணவியர் சேர்ந்து ஓர் ஓவியம் வரையலாம் என்று அன்றைய தாளாளர் அனுமதி தந்தார். இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவும் காட்சியை நான் தேர்ந்தெடுத்தேன். ஐரோப்பிய ஓவியர்களைப் பார்த்துப் பழகிய கையால், வெண்பாதங்களும் மடிப்பு மடிப்பான அங்கிகளுமாக ஒரு மாதிரிப் படத்தை மூன்று இரவு உட்கார்ந்து வரைந்து, பெருமையோடு பிள்ளைகள் முன்னால் விரித்தேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இவுங்க காலெல்லாம் இவ்ளோ சுத்தமா கீதே சார், அப்புறம் எதுக்குக் கழுவணும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மாதிரிப் படத்தைச் சுருட்டி பீரோவில் வைத்துவிட்டு, அப்படியானால் யார் கால்களை வரையலாம் என்று பிள்ளைகளிடமே கேட்டேன். அதற்கு முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்திருந்தது. பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது. தெருவுக்குத் தெரு டேங்கர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்த காலம். புழுதி படாத காலே இல்லை. பள்ளிக் காவலாளி, சத்துணவு சமைக்கும் அம்மா, வகுப்பறை பெருக்கும் ஆயா, பிள்ளைகளை அழைத்து வரும் ஆட்டோக்காரர், பீடி சுற்றும் ஒருத்தியின் பாட்டி, ஷூ கம்பெனியில் நாள் முழுவதும் நின்றே வேலை செய்யும் ஒருவனின் அம்மா, தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி ஓரம் நிற்கும் இன்னொருவனின் அப்பா என்று பட்டியல் பன்னிரண்டை எட்டியது. பன்னிரண்டு சீடர்களும் ஆண்களாயிற்றே என்று நான் இழுத்தபோது, 2013-இல் போப் பிரான்சிஸ் ரோம் நகரில் சிறார் சிறை ஒன்றுக்குச் சென்று பாதம் கழுவிய பன்னிரண்டு பேரில் பெண்களும் இஸ்லாமியரும் இருந்ததையும், பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் பெண்களும் இடம்பெறலாம் என்று 2016 ஜனவரியில் விதியே மாற்றப்பட்டதையும் மறைக்கல்வி வகுப்பில் படித்த பிள்ளைகள் எனக்கு எடுத்துச் சொன்னார்கள். ஆசிரியன் மாணவனான நாள் அது.

வேலை நடந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விஷயமே அதில்தான் இருக்கிறது. சுவர் 24 அடி நீளம், 6 அடி உயரம். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, நூல் தட்டி அடிக்கு ஓர் அடியாக 144 கட்டங்கள் போட்டோம். ஓர் அங்குலம் ஓர் அடி என்ற கணக்கில் தாளில் வரைந்த படத்தையும் அதேபோல் கட்டமிட்டு, சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு கட்டம் கொடுத்தோம். வகுப்பு பார்க்கவில்லை, நன்றாக வரைபவர் வரையாதவர் என்றும் பார்க்கவில்லை. சிக்கல் மறுநாளே தொடங்கியது. ஒரு கட்டத்தில் முடியும் கோடு அடுத்த கட்டத்தில் தொடங்க வேண்டிய இடத்தில் தொடங்கவில்லை. குனிந்திருக்கும் இயேசுவின் கை மட்டும் நான்கு கட்டங்களைக் கடந்து சென்றது; அந்த நான்கும் நான்கு பேர் கையில். ஒருவன் வரைந்த முழங்கை தூண் போல் இருந்தது, அடுத்தவள் வரைந்த மணிக்கட்டு முருங்கைக்காய் போல் மெலிந்திருந்தது. அழித்து வரையச் சொன்னால் யார் அழிப்பது என்று சண்டை. அதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாத ஆறாம் வகுப்புப் பையனும் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணும், கட்டங்கள் சந்திக்கும் கோட்டின்மீது தலையோடு தலை முட்ட நின்று அரை மணி நேரம் பேரம் பேசி, ஆளுக்கு அரை அங்குலம் விட்டுக்கொடுத்ததை நான் பார்த்தேன்.

நிறத்தில் இன்னொரு வேடிக்கை. தோல் நிறத்துக்கு ஸ்டெய்னர் கலந்து நானே ஒரு டப்பாவில் தருவதாக இருந்தேன். வேறு வேலையில் மறந்துபோனேன். இயேசுவின் கையை வரைந்த நால்வரும் தத்தம் கையைத் தூரிகைக்குப் பக்கத்தில் நீட்டிப் பார்த்துப் பார்த்துத் தாமே கலந்துகொண்டார்கள். முடிவில் இயேசுவின் கை தோளருகே மாநிறமாகத் தொடங்கி, விரல்களை அடையும்போது நல்ல கறுப்பாகியிருந்தது. சரிசெய்து விடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள். அதைவிடச் சரியான ஓர் இறையியலை என்னால் வரைந்திருக்க முடியாது என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

தண்ணீர்ப் பாத்திரத்தைக் காட்பாடிக்குப் பக்கத்திலுள்ள கரிகிரியின் மெருகிட்ட மண்பாண்டங்கள் உடைந்த துண்டுகளால் பதித்தோம். ஓரமாகக் கழற்றி வைத்த செருப்புகளுக்கு, டேனரித் தொழிலாளியின் மகன் பை நிறைய வெட்டுத்தோல் கொண்டு வந்தான். சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தோலா என்று பெற்றோர் ஒருவர் என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார். நம் மாவட்டத்துக்குச் சோறு போடும் தொழிலைப் பற்றி நம் மாவட்டத்தவரே இப்படிப் பேசுவதில் எந்தப் பழைய கணக்கு ஒளிந்திருக்கிறது என்பது வாசகர்களுக்குத் தெரியும். நான் பதில் சொல்லவில்லை. அந்தத் தோல் துண்டுகளைச் செருப்பு வடிவில் வெட்டி ஒட்டும் பொறுப்பைப் பிள்ளைகள் குலுக்கலில் எடுத்தார்கள். சீட்டு விழுந்தது அந்தப் பெற்றோரின் மகனுக்கு. அவன் ஒட்டினான்.

இங்கே நியாயமான கேள்வி ஒன்று எழும். கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளை விவிலியக் காட்சி வரையச் செய்வது சரியா? அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையைத் தருகிறது. 28-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அரசு ஏற்பளித்த அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் பயிலும் எவரையும் அவருடைய இசைவின்றி, சிறாராயின் பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவின்றி, சமய போதனையிலோ வழிபாட்டிலோ ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. ஓவியம் வரைவது வழிபாடு ஆகாது என்று வாதிடலாம்தான். நான் வாதிடாமல் எல்லார் வீட்டுக்கும் கடிதம் அனுப்பி இசைவு கேட்டேன். இஸ்லாமிய மாணவி ஒருத்தி, உருவம் வரைவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள், ஆனால் சேராமல் இருக்கவும் மனமில்லை என்றாள். சுவரின் நான்கு ஓரங்களுக்கும் அளவுகோலும் கவராயமும் கொண்டு அவள் நட்சத்திர வடிவங்களாலான ஒரு கொடிப்பின்னல் வரைந்தாள். 144 கட்டங்களில் மிகத் துல்லியமாக வந்த வேலை அதுதான். பார்த்தவர்கள் முதலில் கேட்டது, அந்த ஓரத்தை யார் போட்டது என்பதைத்தான்.

கறுத்த கையுடைய இயேசுவைக் கண்டு முகம் சுளித்தவர்களும் உண்டு. அவர்களுக்குப் புதிதாக எதையும் சொல்ல வேண்டியதில்லை. வீரமாமுனிவர் 1747-இல் மறைந்தவர். அவர் காலத்திலேயே விருத்தாசலம் அருகே கோணான்குப்பத்தில் மாதா சேலையுடுத்திப் பெரியநாயகி ஆகிவிட்டார். கோவாவில் பிறந்து, அபனீந்திரநாத் தாகூரிடம் பயின்ற ஓவியர் ஆஞ்செலோ ட ஃபொன்சேகா, அன்னை மரியாவைச் சேலை கட்டிய இந்தியப் பெண்ணாக வரைந்து வசை வாங்கியவர். இன்று அவரைப் போற்றுகிறார்கள். வேலூர்ப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் கால்களை வரைந்ததில் மரபு மீறல் ஏதுமில்லை.

இனி என் மனக்குறை. நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டு, விழா ஒன்றை முன்னிட்டு அந்தச் சுவருக்கு டிஸ்டெம்பர் அடித்து, அதன்மீது இரும்புச் சட்டம் பொருத்தி ஒரு பெரிய ஃபிளெக்ஸ் மாட்டிவிட்டார்கள். பள்ளியின் பெயரையும் பொறுப்பிலிருந்தவர்களின் பெயரையும் எழுதுவது என் நோக்கமன்று. அவர்கள் கெட்ட மனிதர்களும் அல்லர். விருந்தினர் வரும் வழியில் வெறும் கால்களாக இருக்கிறதே, கோடும் கோணலாக இருக்கிறதே என்று யாரோ சொன்னதை நம்பினார்கள், அவ்வளவுதான். அந்தக் கோணல்தான் ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஆளுக்கு அரை அங்குலம் விட்டுக்கொடுத்த இடம் என்பதை அவர்களுக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை. கல்லூரிக்குப் போய்விட்ட பழைய மாணவன் ஒருவன் விழாவுக்கு வந்து, தன் கட்டம் இருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, சாப்பிடாமலே போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன்.

கூட்டாகச் செய்வது நம் பள்ளிகளுக்குத் தெரியாத கலையும் இல்லை. டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் குடில் போட்டிக்கு, கத்தோலிக்கர் இந்துக்கள் என்ற பேதமின்றி, வைக்கோலும் கேழ்வரகு நாற்றும் சாணித்தாளும் சுமந்து வந்து இரவு எட்டு மணிவரை உட்கார்ந்து கட்டுபவர்கள் இதே பிள்ளைகள்தாம். பாலன் பிறக்கும் இடத்தை ஒவ்வோர் ஆண்டும் அவர்கள் காட்பாடி மலையடிவாரமாக்குகிறார்கள், கோட்டை அகழியோரமாக்குகிறார்கள், ஒரு முறை ரயில்வே பிளாட்பாரமாகவும் ஆக்கினார்கள். ஜனவரியில் திருக்காட்சித் திருநாள் முடிந்ததும் அது குப்பைக்குப் போய்விடுகிறது. அந்த உழைப்பில் கொஞ்சத்தைச் சுவரில் நிலைக்கவிடலாம் என்பதே என் வேண்டுகோள்.

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. தேவைப்படுவது நேரம். ஓவியப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்காத வழக்கத்தை ஒரு பருவத்துக்கேனும் நிறுத்தி வைத்தால் போதும். தாளாளர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, வெளியிலிருந்து ஓவியரை அழைத்து அவர் வரைந்த கோட்டுக்குள் பிள்ளைகளை வண்ணம் நிரப்பச் செய்துவிட்டு, அதற்குக் கூட்டு ஓவியம் என்று பெயரிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் போக்கு. எந்தக் காட்சி, யாருடைய முகம், என்ன நிறம் என்ற மூன்றையும் பிள்ளைகள் முடிவு செய்யாத வரையில், அதுவும் காசு கொடுத்து வாங்கியதுதான். முடிந்தபின் அதைப் பத்தாண்டுகளுக்கு மறைப்பதில்லை என்று நிர்வாகக் குழு ஒரு தீர்மானமும் எழுதி வைப்பது நல்லது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டு சொல்கிறேன்.

கடந்த மழைக்காலத்தில் அந்த வழியாகப் போனபோது உள்ளே சென்று பார்த்தேன். ஃபிளெக்ஸின் கீழ்ப்பக்கம் காற்றில் கிழிந்து தொங்கியது. அக்ரிலிக் பூச்சின்மீது மலிவு டிஸ்டெம்பர் சரியாகப் பிடிக்காது. ஈரம் ஏறி, பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. கரிகிரி ஓட்டுத் துண்டுகள் இரண்டு மூன்று பளபளத்தன. அதன் பக்கத்தில் சத்துணவு அம்மாவின் வெடித்த குதிகால் பாதி தெரிந்தது. இந்தக் கோடையில் அந்தச் சுவரைச் சுரண்டிப் பார்க்க நிர்வாகம் விரும்பினால், பட்டித் தகடும் உப்புத்தாளும் என் வீட்டிலேயே இருக்கின்றன, கூலி வேண்டாம். காலை வெயில் ஏறுவதற்குள் வேலை செய்ய ஏழெட்டுப் பிள்ளைகளை மட்டும் உடன் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.
(என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)